பழங்கதையாம்!

ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் என் மகளின் பள்ளிக்கு, தொண்ணூறைத் தாண்டிய ரூத் என்ற யூதப் பெண்மணி பேச வந்திருந்தார்; பெற்றோரும் கேட்கப் போயிருந்தோம். போர்க்காலத்தில், பதினான்கு வயதில், நாஜிகளுக்குப் பயந்து ஒரு பேக்கரியின் மேல்மாடியில் குடும்பத்தோடும் வேறு சிலரோடும் ஒளிந்திருந்தாராம். கீழே சிப்பாய்கள் வந்தபோது, அழுத கைக்குழந்தைத் தம்பியின் வாயைப் பொத்தினாராம். கையை எடுத்தபோது அவனுக்கு மூச்சில்லை.

பக்கத்தில் இருந்த யாழ்ப்பாணத்துக்காரர் கொட்டாவி விட்டார். "இந்தப் பழங்கதை எங்கட பிள்ளையளுக்கு என்னத்துக்கு, அக்கா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஊரில குண்டுவீச்சுக்குப் பயந்து நீங்கள் பங்கருக்குள்ள கிடந்ததையும் நாளைக்கு ஆரும் இப்பிடிச் சொன்னா விடுவியளோ, அண்ணை?" என்று கத்திவிட்டேன். மண்டபமே திரும்பிப் பார்த்தது.

"அது வேற," என்றார்.

ஒளிந்திருந்த பிள்ளைக்காக இரங்கவும், அது எந்த ஊர்ப் பிள்ளை என்று பார்க்க வேண்டுமா?