கங்கம்மாளின் ஒற்றைக் கைக் கோட்டு

பொன்னேரி வாரச் சந்தையில் என் பொரிக்கடைக்கும் கங்கம்மாளின் இறால் வடைக்கடைக்கும் நடுவே ஒரு சாக்குப் படுதாதான் உண்டு. பழவேற்காட்டிலிருந்து முதல் பஸ்ஸில் இறால் கூடையோடு வந்து இறங்குவாள். அடுப்பு பற்றுவதற்கு முன்பே தொண்டையைத் திறந்துவிடுவாள். ‘வாங்கோ வாங்கோ’ என்று அவள் கூப்பிட்டால் ரயிலடியில் நிற்பவன்கூடத் திரும்பிப் பார்ப்பான். என் பொரியை ஒருவனும் திரும்பிப் பார்த்ததில்லை. அந்த வயிற்றெரிச்சல் எனக்கு உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஐம்பத்தாறாம் வருஷம் எங்கே பார்த்தாலும் காலரா பயம். சமைத்த பண்டம் விற்கிறவர்கள் எல்லோரும் இனிமேல் லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்று பஞ்சாயத்தில் தண்டோரா போட்டார்கள். பண்டத்தை மூடி வைக்க வேண்டும், வெள்ளைக் கோட்டு போட வேண்டும், காலரா ஊசி குத்திக்கொண்டு சீட்டு காட்ட வேண்டும். இதையெல்லாம் பார்க்க வந்தவர் சுகாதார இன்ஸ்பெக்டர் சாலமோன். ஒல்லியான மனிதர், எப்போதும் வெள்ளைக் கோட்டில் இருப்பார், மழை இல்லாவிட்டாலும் குடை பிடிப்பார், சட்டத்தை எழுத்துக்கு எழுத்து நடத்துவார்.

மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். கங்கம்மாள் மட்டும் கிட்டே போய்க் கேட்டாள்.

“லைசென்சு யார் பேர்ல சார் எழுதுவ?”

“கடை யாருதோ அவங்க பேர்ல.”

“கங்கம்மாள்னேவா?”

“பின்னே என் பேரையா எழுதுவாங்க?”

அதுவரை எந்தக் காகிதத்திலும் அவள் ‘செங்கல்வராயன் பெண்சாதி’தான். அடுப்பில் வேகிறவள் இவள், பேர் மட்டும் ஏரியில் வலை போடுகிற அவனுடையது. அந்தக் காகிதத்தின் மேல் அவளுக்கு ஆசை வந்துவிட்டது.

கோட்டு தைக்கப் பழவேற்காடு தையற்காரர் அசன் முகைதீனிடம் போனாள். அவர் வாழ்நாளில் தைத்த வெள்ளைக் கோட்டு ஒன்றே ஒன்று, ஆஸ்பத்திரி கம்பவுண்டருக்கு. அதே மாதிரி இவளுக்கும் தைத்துவிட்டார். மணிக்கட்டு வரை இறுக்கமான முழுக்கை, காலர், இரண்டு பக்கமும் பை.

அடுத்த சந்தையில் கோட்டோடு வந்து நின்றாள். கையில் எண்ணெயிலிருந்து வடை எடுக்கிற கம்பி, முழம் நீளம், நுனி கூர். காலரா ஊசிக்குப் பயந்து ஊரே நடுங்கிக்கொண்டிருந்த நேரம் அது. கம்பியை ஆட்டிக்கொண்டு ‘வாங்கோ வாங்கோ’ என்று கூவினாள். திருவாலங்காட்டிலிருந்து கயிறு வாங்க வந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

“அடேங்கப்பா, இம்மாம் பெரிய ஊசியா!” என்று அலறினார்.

அவ்வளவுதான். கூட்டம் தலைதெறிக்க ஓடியது. இவளுக்கு ஒன்றும் புரியவில்லை. கம்பியோடு பின்னாலேயே ஓடினாள்.

“ஏய், இன்னாத்துக்கு ஓடுற? சூடா கீதுடா!”

பின்பக்க வேலியில் இருந்த சந்து வழியாகச் சந்தையே வெளியே போய்விட்டது. ஒரு தட்டு வடை அப்படியே கிடந்தது. நான் படுதாவுக்குப் பின்னால் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அவள் கோட்டைக் கழற்றி உட்கார்ந்ததும் சாலமோன் வந்து நின்றார்.

“கோட்டு எங்கம்மா? சந்தைக்குள்ள கோட்டு இல்லாம ஒரு நிமிஷம் பார்த்தாலும் லைசென்ஸ் கிடையாது.”

“போட்டா யாவாரம் போவுது, கழட்டுனா லைசென்சு போவுது. ஒரே பேஜாரு சார்.”

சாலமோன் குடையை மடக்கிவிட்டு அவளருகே பெட்டிமேல் உட்கார்ந்தார். அவருடைய பாடும் அதே பாடுதான்.

“இருநூறு பேருக்கு ஊசி போடணும்னு மேலிடத்து உத்தரவு. மூணு சந்தையில ரெண்டு பேருக்குத்தான் போட்டேன். ஒண்ணு நான், இன்னொண்ணு என் சம்சாரம்.”

கங்கம்மாள் வேலியில் இருந்த சந்துப் பக்கம் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

“சார், உன் கோட்டைக் கழட்டிட்டு அந்தச் சந்துல போய்க் குந்து. நான் முன்னால நின்னு கூப்புடுறேன். ஊசிக்கு ஒரு வடை குடு. வடை என்கிட்டதான் வாங்கணும்.”

அடுத்த வாரம் அப்படியே நடந்தது. கோட்டும் கம்பியுமாக அவள் ஒரு கூவல் கூவியதும் எல்லோரும் பின்பக்கம் பாய்ந்தார்கள். சந்தில் கோட்டில்லாமல் வெறும் சட்டையோடு உட்கார்ந்திருந்த சாலமோன் இடது கையால் வடை நீட்டினார். வாங்க நீண்ட கையில் வலது கையால் குத்தினார். அவளை வாராவாரம் பார்க்கிறவன் நான். ஆனால் கூட்டம் ஓடும்போது காலுக்குப் புத்தி சொல்ல முடியுமா? நானும் ஓடினேன். வாயில் வடை, புஜத்தில் ஊசி. வடை நன்றாகத்தான் இருந்தது.

சாயங்காலம் சாலமோன் பூரித்துப்போய் லைசென்ஸ் எழுத உட்கார்ந்தார். பேரை எழுதினார். கையெழுத்துப் போடப் போனவர் நிமிர்ந்தார்.

“உன் ஊசிச் சீட்டு எங்க?”

இருநூறு பேருக்கு ஊசி போட வைத்தவளின் முகம் வெளுத்தது. இரண்டடி பின்னால் போனாள்.

“கோட்டு முழுக்கை சார். கழட்டாம ஊசி போட முடியாது. சந்தைக்குள்ள கழட்டுனா லைசென்சு கெடையாதுன்னு நீதான சொன்ன?”

சட்டம் அவருடையது. சாலமோன் காகிதத்தைக் கையெழுத்தில்லாமல் மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அவள் கோட்டைக் கழற்றாமலேயே பஸ் ஏறினாள். அவள் உட்கார்ந்த பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். தனியாக ஜன்னல் வழியே சாலமோன் போன திசையைப் பார்த்துக்கொண்டு போனாள். வாயால் ஜெயித்துவிட்டாள், ஆனால் அவள் பேர் எழுதிய காகிதம் அவர் பையில் போய்விட்டது. எனக்கே கஷ்டமாக இருந்தது.

அடுத்த சந்தையில் இறங்கி நேரே சாலமோனிடம் நடந்தாள். அசன் முகைதீனிடம் சொல்லிக் கோட்டின் இடது கையைத் தோளோடு பிரித்து எடுத்திருந்தாள்.

“கோட்டும் கீது, கையும் கீது. குத்து சார்.”

கண்ணை இறுக மூடிக்கொண்டாள். “ஐயோ நைனா!” என்று அவள் போட்ட சத்தத்தில் மாட்டுச் சந்தைப் பக்கம் இரண்டு எருமைகள் கயிற்றை அறுத்துக்கொண்டன. சாலமோன் கையெழுத்துப் போட்டார்.

அதன் பிறகு அந்தக் கோட்டைப் பார்த்து யாரும் ஓடவில்லை. ஒரு கை இல்லாத கோட்டை எந்த டாக்டர் போடுவார்? கடைசிவரை அதையேதான் போட்டாள்.

கையெழுத்தான அன்றைக்கு, வியாபாரம் தொடங்கும் முன்பு, லைசென்ஸும் கையுமாகப் படுதாவை விலக்கிக்கொண்டு வந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

“யோவ் பொரி, இத்தப் படி.”

“கங்கம்மாள்.”

“எங்கனா செங்கல்வராயன்னு போட்டுக்கீதா? நல்லா பாரு.”

முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன்.

“இல்ல. நீ மட்டுந்தான்.”

“இன்னொரு தபா படி.”

படித்தேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என் கையில் ஒரு வடையைச் சும்மா வைத்துவிட்டுப் போனாள்.