மாடத்தி கட்டிய சுவர்

வேல்சாமி முப்பத்தோரு வருஷம் மணியாச்சிப் பக்கம் ரயில் பாதையில் கேங்மேனாக இருந்தவர். ஓய்வு பெற்றதும் கோவில்பட்டி ஓரத்தில் வீடு கட்டிக் குடிவந்தார். மனை தெருவைவிட இரண்டடி மேடு. அந்த மேட்டில் அவர் மனைவி பாலம்மாள் பிச்சிக்கொடியும் கத்தரியும் வைத்திருந்தாள். மழை பெய்தால் தோட்டத்து மண் கரைந்து தெருவுக்கு ஓடிவிடும்.

"ஒரு ஆளக் கூப்பிட்டு அணைசுவரு வைங்க" என்றாள்.

"முழங்கால் உசரச் சுவருக்கு ஆளு எதுக்கு? நானே வைக்கேன்."

சித்திரையில் பத்து நாள் உட்கார்ந்து கல்லை அடுக்கிச் சிமெண்டு பூசினார். தெருவில் நின்று நின்று அதன் அழகைப் பார்த்துக்கொண்டார். ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் காலையில் சுவர் தெருவில் மல்லாந்து கிடந்தது. பாலம்மாள் வேரோடு சாய்ந்த கொடியைத் தூக்கிப் பழைய வாளி ஒன்றில் வைத்து மண் போட்டாள். அதைப் பார்க்கத்தான் அவருக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்கே கொத்தனார் தங்கச்சாமியைப் போய்ப் பார்த்தார்.

மழை விட்ட பின், சொன்ன நாளில் சித்தாள் மாடத்தி மட்டும் வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். பத்து மணிக்குத்தான் போன் வந்தது: கயத்தாற்றில் பெரிய வேலை, கொத்தனார் நாலு நாள் வரமாட்டார்.

மாடத்தி கிளம்பவில்லை. விழுந்த சுவரைச் சுற்றிவந்து, குத்தவைத்து மண்ணைக் கிள்ளிப் பார்த்தாள்.

"கல்லு மேல குத்தமில்ல அண்ணாச்சி. கரிசல் கோடையில வெடிக்கும், மழையில உப்பும். நீங்க அதுக்கு மேலயே சுவர வச்சிட்டிய. உள்ள நின்ன தண்ணிக்கும் வெளிய போக வழியில்ல. அது சுவரத் தள்ளாம என்ன செய்யும்?"

வேல்சாமிக்கு முகம் சுண்டிப்போனது. தண்டவாளத்துக்கு ஜல்லி தள்ளியே முதுகு வளைந்தவர் அவர். தண்ணீர் தேங்கினால் பாதை இறங்கிவிடும் என்று எத்தனையோ பேருக்குச் சொன்னவர், சொந்த வாசலில் அதைக் கோட்டைவிட்டிருந்தார்.

"நீ கட்டுவியாம்மா?"

"இருவத்திரண்டு வருசமா கட்டுதேன். கொத்தனாரு டீக்குப் போனா கரண்டி எங் கையிலதான். பேரு மட்டும் அவியளுக்கு."

வேல்சாமி வேட்டியை மடித்துக் கட்டினார். கரிசல் தாண்டிச் சரளை தட்டும்வரை அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினார். அவள் கல் வைத்தாள். அவர் சாந்துச் சட்டி எடுத்துக் கொடுத்தார். சுவரின் அடியில் நாலு இடத்தில் குழாய்த் துண்டு செருகி, பின்னால் ஜல்லி கொட்டச் சொன்னாள். ஜல்லி மட்டும் அவர் சொன்ன கணக்குப்படி விழுந்தது. அதில் அவளும் குறுக்கே பேசவில்லை.

ஐந்தாம் நாள் தங்கச்சாமி வந்து தூக்குக்குண்டை விட்டுச் சுவரின் நேர் பார்த்தார். "யாரு கட்டுனது?"

"கொத்தனாரு அந்தா நிக்காவ" என்று மாடத்தியைக் காட்டினார் வேல்சாமி.

தங்கச்சாமி நூலைச் சுற்றிக்கொண்டே, "நாளைக்கு வேலைக்கு வருதியா?" என்று அவளைக் கேட்டார்.

"சாந்து சுமக்கன்னா வரல. கட்டன்னா வாரேன்."

அவர் வண்டியை எடுத்துப் போய்விட்டார். "வாய விட்டுட்டேன் அண்ணாச்சி. இனி யாரு கூப்பிடுவா?" என்று மாடத்தி படியில் உட்கார்ந்தாள். பாலம்மாள் சோறு போட்டு அனுப்பினாள்.

மூன்று வாரம் யாரும் கூப்பிடவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பாலம்மாள் சுவரைக் காட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில் அடுத்த தெரு விஜி டீச்சர் தொட்டி கட்ட மாடத்தியைக் கூப்பிட்டாள். அதற்கப்புறம் இன்னொரு வீடு. தைக்குப் பிறகு தங்கச்சாமியே அவளைக் கூப்பிட ஆள் அனுப்பினார், கட்டு வேலைக்கு.

மறு வருஷம் முதல் பெருமழையன்று மாடத்தி சாக்கைத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு சுவர் முன்னால் வந்து நின்றாள். குழாய்களில் தண்ணீர் கலங்கலாய் விழுந்தது. அது தெளிந்து விழும்வரை அசையாமல் பார்த்தாள்.

"மண்ணு தங்கிட்டு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, மழையோடே வேலைக்குப் போனாள்.