கயிறு நனைந்த அளவு

கல்லூரியில் எங்கள் துறையில் கிணற்றின் நீர்மட்டம் அளக்கும் கருவி ஒன்று உண்டு. தண்ணீரைத் தொட்டதும் 'கீ' என்று சத்தம் போடும் என்பார்கள். படித்த இரண்டு வருடத்தில் அது சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. முதலில் பேட்டரி இல்லை. பேட்டரி வாங்கக் கையெழுத்துப் போட வேண்டியவர் லீவில் இருந்தார். அவர் வந்து சேர்ந்தபோது பீரோ சாவியைக் காணவில்லை. கடைசி வருட ஆய்வுக்கு நான் அப்பாவின் மோட்டார் ரூமில் கிடந்த கயிற்றை எடுத்து, அரை மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டு, முனையில் பெரிய நட்டு ஒன்றைக் கட்டிக்கொண்டேன். சுற்றுச்சூழல் அறிவியலும் இயற்கை வள மேலாண்மையும் என்று ஒரு முழத்துக்குப் பெயர் வைத்த படிப்பு, கடைசியில் ஒரு கயிற்றில் வந்து நின்றது.

ஊர் வடகரப்பதிப் பக்கம். கேரளம் என்றாலே மழை என்று நினைப்பவர்கள் ஒரு தடவை எங்கள் ஊருக்கு வந்துவிட்டுப் போகலாம். பாலக்காட்டில் குடை பிடித்து பஸ் ஏறினால், கோபாலபுரம் செக்போஸ்ட் பக்கம் வரும்போது குடை காய்ந்திருக்கும். ஹாஸ்டலில் என் அறைத்தோழி சின்னக்கானல் தேயிலை எஸ்டேட்காரி, தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் வளர்ந்தவள். ஜூன் பிறந்தால் அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பாள். "இன்னைக்கும் விடாமப் பெய்யுதாம்டி. லயத்துக்குப் பின்னாடி மண்ணு எறங்குதுன்னு அம்மா சொல்லுது" என்பாள். அதே நாளில் எங்கள் ஊரில் காற்று மட்டும் அடித்துக்கொண்டிருக்கும். இரண்டு பேரும் ஒரே பாடப் புத்தகத்தைத்தான் படித்தோம். அதில் மண் இறங்குவதற்கும் தண்ணீர் இறங்குவதற்கும் தனித்தனி அத்தியாயங்கள் இருந்தன, இரண்டையும் நாங்கள் நன்றாகவே எழுதினோம்.

ஆய்வுக்கு நான் எடுத்தது எங்கள் ஊர்க் கிணறுகளின் நீர்மட்டம். மார்கழியிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அளக்க வேண்டும். ஊரில் பிறந்தவளுக்குக் கிணறு காட்ட ஆளா இல்லை என்று கிளம்பினேன். முதல் நாள் போன மூன்று தோட்டத்திலும் காட்டவில்லை. "அளந்துட்டுப் போயி, நாளைக்கு மோட்டாருக்கு மீட்டர் வெக்கறதுக்கா?" என்று கேட்டார்கள். வீட்டுக்கு வந்தால் அப்பா சிரித்தார். "ஏட்டுச் சொரக்கா கறிக்கு ஆகாதுன்னு அன்னைக்கே சொன்னேன்" என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் அவர்தான் மறுவாரம் என்னைக் கிழக்குத் தோட்டத்து மாமாவிடம் அனுப்பி வைத்தார்.

எங்கள் வரப்பை ஒட்டிக் கிழக்கே அவர் தோட்டம். மாமா முறை வேண்டும். நாற்பது தென்னை, ஒரு கிணறு. இரண்டு தடவை போர் போட்டு இரண்டும் தண்ணீருக்குப் பதில் புகையைத்தான் கக்கின, அதனால் எல்லாம் அந்தக் கிணற்றை நம்பித்தான். அவர் கயிற்றை வாங்கி முடிச்சுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பிறகு கேட்டார். "ஏனம்முணி, இதை அளந்தா வாய்க்கா வருமா?"

எங்கள் பக்கம் வாய்க்காலை நீட்டுவார்கள் என்பது நான் பிறப்பதற்கு முன்பிருந்தே இருக்கும் பேச்சு. ஒவ்வொரு ஓட்டுக்கும் வாய்க்கால் எங்கள் ஊர் வரைக்கும் வந்துவிடும், ஓட்டு முடிந்ததும் திரும்பிப் போய்விடும். என் ஆய்வுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இது எனக்குப் பட்டம் கிடைக்க நான் எழுதும் ஒரு புத்தகம், மூன்று பிரதி அடித்து பைண்டு செய்வோம், ஒன்று துறை அலமாரியில் இருக்கும், அவ்வளவுதான் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் இவரும் கிணற்றைக் காட்ட மாட்டார் என்று பயந்தேன்.

"வருமுங்க மாமா. கணக்கு கையில இருந்தாத்தான மேல போயிக் கேக்க முடியும்?" என்றேன்.

அவர் கிணற்றின் கம்பிக் கதவைத் திறந்துவிட்டார். அதோடு நிற்கவில்லை. பால் ஊற்றப் போகிற இடத்திலெல்லாம் வாய்க்காலுக்குக் கணக்கு எடுக்கிற பிள்ளை என்று சொல்லி வைத்தார். அடுத்த ஞாயிறு பதினொரு கிணறுகள் திறந்தன. ஒரு வீட்டில் மோர் கொடுத்தார்கள், ஒரு வீட்டில் இளநீர் வெட்டினார்கள். வாங்கிக் குடித்தேன். பொய் சொன்னவள் என்ற உறுத்தல் முதல் வாரம் இருந்தது, பிறகு அதுவும் பழகிவிட்டது.

இரண்டாவது ஞாயிறு நான் எண்ணை எழுதும்போது மாமா எட்டிப் பார்த்தார். "போன வாரத்துக்கு ஏறியிருக்குதே" என்று முகம் மலர்ந்தது. நான் எழுதுவது கிணற்று மேட்டிலிருந்து தண்ணீர் வரைக்கும் உள்ள தூரம், அது ஏறினால் தண்ணீர் இறங்கிவிட்டது என்று பொருள் என விளக்கினேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

"அப்ப வெறுங்கெணத்தத்தான் எழுதறயா? இருக்கற தண்ணிய எழுத மாட்டயா?"

"அப்படித்தானுங்க மாமா எழுதோணும். எல்லா ஊர்லயும் அப்படித்தான்."

"என்னமோ போ" என்றார். இருந்தாலும் அவரே கயிற்றை விடுவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டார். நட்டு அடியில் தட்டும் வரை விட்டு, ஆடாமல் எடுப்பார், நனைந்த இடத்துக்கு மேலே காய்ந்திருக்கும் நீளத்தை நான் எழுதிக்கொள்வேன். என்னைவிட நன்றாகவே செய்தார். ஒரு வாரம் எனக்குக் காய்ச்சல் வந்து வர முடியாமல் போனபோது மறுவாரம் கடிந்துகொண்டேன், என்னையேதான். "நடுவுல ஒரு வாரம் உட்டுப்போச்சுன்னா கணக்கே தப்பிருமுங்க மாமா, அப்புறம் யாரும் அதை எடுத்துக்க மாட்டாங்க" என்று அவரிடம் புலம்பினேன். அவர் தலையை ஆட்டினார்.

மாசி பாதியில் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் மேட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். தென்னையில் குரும்பை உதிர ஆரம்பித்திருந்தது. அடி மட்டைகள் தண்டோடு ஒட்டித் தொங்கின.

"அம்முணி, நீ படிச்ச புள்ள. இந்தத் தண்ணி நாப்பது மரத்துக்கும் பத்துமா? இல்ல, பாதி மரத்தக் கைய உட்டுட்டு மீதியக் காப்பாத்தட்டுமா? வாய்க்கா எப்ப வருமுன்னு சொன்னயின்னா அதப் பாத்துப் பண்ணிக்குவேன்."

தெற்குப் பாதி அவர் மாமனார் வைத்தது, வடக்குப் பாதி மகள் கல்யாணத்தன்று வைத்தது. எதைக் கைவிடுவது என்று அவருக்கும் தெரியவில்லை. எனக்கோ பதில் தெரியும். வாராவாரம் எடுத்த அளவுகளை வைத்து வரைந்த கோடு கையில் இருந்தது. அந்தச் சாய்வில் இறங்கினால் கிணறு சித்திரை தாண்டாது. பாதி மரத்தை இன்றைக்கே விட்டால் மீதிப் பாதி ஒருவேளை பிழைக்கும். வாய்க்கால் எந்தச் சித்திரையிலும் வராது. இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும்.

"சார்கிட்டக் கேட்டுட்டு வந்து சொல்றேனுங்க மாமா" என்றேன்.

சாரிடம் கேட்கவும் செய்தேன். என் ஆய்வுக்கு வழிகாட்டி அவர், நல்ல மனிதர், கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. பேப்பர் திருத்திக்கொண்டே, நீ ஆய்வாளர், யோசனை சொல்லக் கூடாது, நீ சொல்லி அவர் தண்ணீரைக் குறைத்தால் அந்தக் கிணற்றின் கணக்கு மாறிப்போகும், பிறகு மற்ற கிணறுகளோடு அதை எப்படி ஒப்பிடுவாய் என்று கேட்டார். பாடப்படி அது சரிதான். அவர் மேல் பழி போட்டு நான் தப்பிக்க முடியாது, ஏனென்றால் அந்த பதிலைக் கேட்டதும் எனக்கு வந்தது நிம்மதி. வாயை மூடிக்கொள்ள ஒரு நியாயம் கிடைத்துவிட்டது. உண்மையைச் சொன்னால் வாய்க்கால் வரும் என்று அன்றைக்குச் சொன்னது பொய் என்று ஆகும், இன்னும் நான்கு ஞாயிறு பாக்கி இருக்கிறது, பதினொரு கதவும் அடைபடும். எல்லாவற்றையும் அந்த நியாயத்தின் பின்னால் ஒளித்து வைத்தேன்.

அடுத்த ஞாயிறு மாமா கேட்கும் முன்பே சொன்னேன். "கொஞ்சம் பொறுத்துப் பாருங்க மாமா."

அவர் பொறுத்தார். நாற்பது மரத்துக்கும் முறை வைத்துத் தண்ணீர் விட்டார். என் கோடு நான் நினைத்த சாய்விலேயே இறங்கியது. வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர் அந்த ஒரு கிணற்றின் வரைபடத்தைக் காட்டி, குறுக்கீடு இல்லாத சுத்தமான கணக்கு என்று பாராட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு வராந்தாவில் போய் நின்றேன். அறைத்தோழி மட்டும் வெளியே வந்து, "மார்க்கு வாங்கிட்டு ஏன்டி எழவு வீட்டுக்காரி மாதிரி நிக்கிற?" என்றாள்.

அதற்குப் பிறகாவது ஏதாவது செய்வோம் என்று ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறினேன். முதல் இடத்தில் கிளார்க் சேச்சி புத்தகத்தை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்து, "இது இங்ஙனெ எடுக்கான் பற்றில்லா மோளே, மலையாளத்தில் ஒரு அபேக்ஷ எழுதிக் கொண்டு வா" என்றார். அப்படியே வாங்க முடியாது, மலையாளத்தில் விண்ணப்பம் வேண்டும் என்றதால் எழுதிக் கொண்டு போனேன். இது இங்கே இல்லை, பாசன ஆபீஸ் என்றார்கள். பாசன ஆபீஸில், நீ யார் சார்பாக வந்திருக்கிறாய் என்று கேட்டார்கள். மக்கள் தமிழில் கேட்டதை நான் இங்கிலீஷில் எழுதி மலையாளத்தில் கொடுத்துவிட்டு, யார் சார்பாக என்பதற்கு மட்டும் எந்த மொழியிலும் பதில் இல்லாமல் நின்றேன். கடைசியில் ஒரு சீல் அடித்து வாங்கி வைத்துக்கொண்டார்கள். கிணற்றில் போட்ட கல் என்பார்களே, அதேதான். என் நட்டாவது ஈரத்தோடு மேலே வரும்.

சித்திரை முடிவதற்குள் மாமாவின் கிணறு வற்றிவிட்டது. அப்பா போனில் சொன்னார். அப்போது எனக்குக் கொச்சியில் வேலை கிடைத்திருந்தது, அடுக்குமாடி கட்டுகிறவர்களுக்குச் சுற்றுச்சூழல் அறிக்கை எழுதித் தரும் கம்பெனியில். "நாப்பதும் போச்சு சாமி" என்றார் அப்பா. அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆடி நோம்பிப் பண்டிகைக்குத்தான் ஊருக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி, கிழக்கே பார்க்காமல் வீட்டுக்குள் நுழைந்தேன். ஆனால் அடுப்படி ஜன்னல் கிழக்குப் பக்கம் இருக்கிறது. பாதி மரங்களின் மண்டை ஒடிந்து சாய்ந்திருந்தது. மீதியில் காய்ந்த மட்டைகள் காற்றுக்கு ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன.

நான் போகாவிட்டால் என்ன, மாமாவே வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றி விட்டு, "அம்முணி வந்திருக்குதுன்னாங்க" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்து உட்கார்ந்தார். வேலையைப் பற்றி விசாரித்தார், இளைத்துவிட்டாய் என்றார். மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு இடுப்பு வேட்டியில் சுருட்டிச் சொருகியிருந்த ஒரு பழைய பள்ளிக்கூட நோட்டை எடுத்து நீட்டினார்.

"உன்ற கயிறு நம்ம மோட்டார் ரூம்புலயே கெடந்துது. நீ படிப்பு முடிஞ்சு போயிட்ட. கணக்கு நின்னுறக் கூடாதுன்னு நானே உட்டுப் பாத்து எழுதி வெச்சிருக்கறேன்."

பிரித்தேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தேதி போட்டு, ஒரு வரி. அவர் என்னைப் போல எழுதவில்லை. தண்ணீர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று எழுதாமல், கயிறு எவ்வளவு நனைந்தது என்று எழுதியிருந்தார். மூன்று முடிச்சு நனைந்தது. இரண்டு முடிச்சு. ஒரு முடிச்சு. நட்டு மட்டும் ஈரம். அதற்குப் பிறகு 'நனையவில்லை'. அடுத்த வாரமும் 'நனையவில்லை'. பக்கத்தைத் திருப்பினேன், அந்தப் பக்கம் முழுக்க அதே ஒரு சொல்தான், அதே கவனமான எழுத்தில், போன ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

"வத்துனதுக்கு அப்புறமும் எதுக்குங்க மாமா உட்டுப் பாத்தீங்க?"

"நடுவுல ஒரு வாரம் உட்டுப்போச்சுன்னா யாரும் எடுத்துக்க மாட்டாங்கன்னு நீதான சொன்ன?"

இப்போதாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அப்பா நிலைப்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமா நோட்டின் அட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்துவிட்டார்.

"இதையும் வாய்க்கா கணக்குல சேத்துக்குவாங்களா, அம்முணி?"

"சேத்துக்குவாங்க மாமா" என்றேன்.

"அப்பச் சரி" என்று எழுந்தார். "வர்ற ஞாயித்துக்கெழமையும் உட்டுப் பாத்து எழுதி வெக்கறேன்" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிழக்கே நடந்தார்.