பீச்சாங்கை பக்கத்து பட்டன்

என்ன ஏமாத்துனது ரெண்டு பேரு. ஒருத்தன் என் கூட்டாளி, இன்னொருத்தி என் பொண்டாட்டி. ரெண்டு பேருக்கும் நான்னா உசுரு, அதான் பேஜாரே. புடிக்காதவன் ஏமாத்துனா நல்லா நாலு வார்த்த திட்டிட்டு போயிடலாம். இவங்கள இன்னான்னு திட்றது?

எனக்கு ஸ்ட்ரோக்கு வந்தப்போ முப்பது வயசு கூட ஆவல. காக்களூர் எஸ்டேட்ல ஒரு சின்ன கம்பெனில தகடு அடிக்கற பிரஸ் மிஷின் ஓட்டிக்கினு இருந்தேன். ஒம்பதாவதோட ஸ்கூலுக்கு கும்புடு போட்டவனுக்கு அது பெரிய வேலை. ஒரு நாள் காத்தால செவ்வாப்பேட்டை ஸ்டேஷன்ல டிரெயினுக்கு நின்னுக்கினு, கூட்டாளி தலைய யாரோ கொதறி வெச்சிருந்த கட்டிங்க பத்தி நக்கல் வுட்டேன். பாதி பேச்சுல என் வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சி. நான் வேணும்னே மூஞ்சிய கோணிக்கினு அவன கலாய்க்கிறேன்னு நெனச்சி அவன் வயித்த புடிச்சிக்கினு சிரிச்சான். நான் பிளாட்பாரத்துல சாய்ஞ்ச அப்புறம்தான் சிரிப்பு நின்னுச்சி. எப்பப் பாத்தாலும் வெளையாட்றவனுக்கு நோவு வந்தா அதுவும் வெளையாட்டாதான் தெரியும் போல.

காலு மெதுவா வழிக்கு வந்துச்சி. வாயும் வந்துச்சி, ஆனா லேட்டா வர்ற டிரெயினு மாதிரி. பீச்சாங்கை மட்டும் மாமியார் ஊட்டுக்கு வந்த மாப்ள கணக்கா சும்மாவே ஒக்காந்துக்கினு இருந்துச்சி. அத விட மோசம் இன்னான்னா, கண்ணால பாத்தாதான் அந்த கை எங்க இருக்குதுன்னு எனக்கு தெரியும். பாக்கலன்னா அது என் கையே இல்ல.

அதவிட கடுப்பு ஊருக்காரனுங்க. முன்னாடி நான் ஒரு ஜோக்கு சொன்னா முடிச்ச அப்புறம் சிரிப்பானுங்க. இப்போ நான் பாதில திக்கிக்கினு இருக்கும்போதே சிரிச்சி முடிச்சிட்றானுங்க. பாவம்னு சிரிக்கற சிரிப்பு காதுக்கு தனியா தெரியும்.

திருவள்ளூர்ல ஒரு ஹால்ல வாரத்துக்கு ஒரு தபா எங்கள மாதிரி ஆளுங்கள ஒக்கார வெச்சி ஒரு பிசியோ மேடம் பேசுவாங்க. வைத்தியம்னு சொல்ல முடியாது. ஊட்ல, தெருவுல, வேலைல இனிமே நம்மள நாமே எப்பிடி பாத்துக்கறதுன்னு கத்து குடுக்கறது. ஆளுக்கு ஒரு வேலைய நாமளே சொல்லணும். அடுத்த வாரம் வந்து அது ஆச்சா ஆவலயான்னு நெசத்த சொல்லணும். ஒரு அக்கா, நெலம் நீச்சு வெச்சிருக்கற குடும்பம், பொடவைய தானே கட்டிக்கணும்னு சொன்னாங்க. பழவேற்காட்டு பக்கம் மீன் புடிக்கற ஒரு நைனா, யாரும் தூக்கி வுடாம படகுல ஏறணும்னாரு. நான் மறுபடி பிரஸ் ஓட்டணும்னேன்.

மேடம் யோசிச்சாங்க. "மிஷின் விஷயம் டாக்டரும் கம்பெனியும் சொல்லணும். கைய நாம தயார் பண்ணலாம். பாத்துக்கிட்டே அமுக்கணும், சரியா?"

அப்புறம் கூட வந்தவங்க பக்கம் திரும்புனாங்க, என் பொண்டாட்டியும் கூட்டாளியும் அங்கதான் ஒக்காந்திருந்தாங்க. "உங்களுக்குதான் சொல்றேன். அவங்க கேக்காம கை குடுக்காதீங்க. பாத்துக்கிட்டு சும்மா இருக்கறது கஷ்டம். அதான் உங்க வேலை."

"மேடம், என் பொண்டாட்டி சும்மா இருக்கறதுக்கு மாத்திரை எதனா இருக்குதா?"ன்னேன்.

எல்லாரும் சிரிச்சாங்க, நான் முடிச்ச அப்புறம். அந்த ஹால் எனக்கு புடிச்சி போனதுக்கு அதுதான் காரணம். அங்க எல்லாருக்குமே வாய் லேட்டு.

பிரஸ்ஸுல ரெண்டு பட்டன் இருக்கும், சோத்தாங்கை பக்கம் ஒண்ணு, பீச்சாங்கை பக்கம் ஒண்ணு. ரெண்டையும் ஒண்ணா அமுக்குனாதான் மிஷின் கீழ எறங்கும். கை ரெண்டும் பட்டன் மேல இருந்தா, டைக்குள்ள, அதான் தகட வெட்ற அச்சுக்குள்ள, சிக்காதுல்ல, அதுக்கோசரம். எங்களுது பழைய மிஷின், பட்டன் கல்லு மாதிரி இருக்கும். சூப்பர்வைசர் சொல்லிட்டாரு: "ரெண்டு பட்டனையும் நீயே அமுக்கு, டாக்டர் சீட்டு கொண்டா, உன் மிஷின் உனக்கு. இல்லன்னா பேக்கிங் டேபிள்."

அதனால சப்பாத்தி மாவு எல்லாம் என் டிபார்ட்மெண்டு ஆயிடுச்சி. உள்ளங்கை அடிய வெச்சி, கண்ண எடுக்காம அமுக்கறது. எங்க ஊட்ல எல்லாருக்கும் சோறுன்னா இன்னான்னே மறந்து போச்சி. கொஞ்சம் கொஞ்சமா அந்த கை மாவ நசுக்குச்சி.

டாக்டர் சீட்டும் வாங்கிட்டேன். டெஸ்ட்டு அன்னிக்கு கூட்டாளி பக்கத்துலயே நின்னான். சோத்தாங்கைய வெச்சேன். பீச்சாங்கைய பாத்துக்கினே தூக்கி பட்டன் மேல போட்டு, ரெண்டையும் ஒண்ணா தோள்லேர்ந்து அழுத்துனேன். டம்முன்னு எறங்குச்சி. எல்லாரும் கை தட்டுனாங்க. நான் பாத்ரூமுக்கு போயி அழுதுட்டு வந்தேன், கண்ணுல எண்ண பட்டுச்சின்னு சொல்லிக்கினு.

அந்த வாரம் ஹால்ல எழுந்து நின்னு சொன்னேன். பழவேற்காட்டு நைனா என் கைய வாங்கி திருப்பி திருப்பி பாத்தாரு, எதோ புது மீன பாக்கற மாதிரி. "நீ பண்ணிட்டல்ல, அப்ப நானும் ஏறிட்றேன்"னாரு. அடுத்த வாரம் வந்து, ஏறிட்டேன்னு சொன்னாரு.

கொஞ்ச நாள் நான் ராஜா. தெனமும் சோத்துக்கு மின்னாடியே எல்லாரையும் கலாய்ச்சி முடிச்சிடுவேன். அப்பிடி ஒரு நாள் கூட்டாளிகிட்ட அவன் மாமனாரு வண்டி ஓட்டற அழக பத்தி சொல்லிக்கினே, அவன் பக்கம் பாத்துக்கினே வேலை பண்ணிக்கினு இருந்தேன். மிஷின் எறங்குச்சி. திரும்பி என் பீச்சாங்கைய தேட்றேன், பட்டன் மேல காணோம். நழுவி போயி டைக்கு பக்கத்துல, தகடு மேல மல்லாந்து கெடக்குது.

அந்த கை அமுக்காமலே மிஷின் எறங்கியிருக்குது.

மெயின ஆப் பண்ணிட்டு பட்டன சுத்தி வெரல வுட்டு பாத்தேன். சைக்கிள் டியூப்ல வெட்டுன ரப்பர் துண்டு. எங்க எஸ்டேட்ல வேலை பண்றவன் எவனுக்கும் இத வெளக்க வேணாம். ஆர்டர் அவசரம்னா பீச்சாங்கை பட்டன இப்பிடி அடைச்சி வெச்சிட்டு, அந்த கையால தகடு போட்டுக்கினே இந்த கையால தட்டுவோம். வேலை வேகமா ஓடும். சூப்பர்வைசரு அந்நேரம் பாத்து டீ குடிக்க போயிடுவாரு.

"இது எப்போலேர்ந்து?"ன்னு கேட்டேன்.

கூட்டாளி மூஞ்சிய தொடச்சான். "டெஸ்ட்டு அன்னிக்கிலேர்ந்து மச்சான்."

"அப்போ நான் அமுக்குனது?"

"நீயும் அமுக்குன. பட்டன் மின்னாடியே உள்ளதான் இருந்துச்சி."

"டேய், கை டை பக்கத்துல கெடந்துச்சிடா."

"நான் பக்கத்துலயே பாத்துக்கினுதான் இருப்பேன்."

"இப்போ எங்க பாத்துக்கினு இருந்த?"

"ஒன் ஜோக்குக்கு சிரிச்சிக்கினு இருந்தேன்"னான்.

அந்த ஹால்ல எத்தினியோ வாட்டி என் கூட ஒக்காந்து, கேக்காம கை குடுக்காதன்னு மேடம் சொல்ல சொல்ல தலைய ஆட்டுனவன் அவன். சுத்தி பாத்தேன். எவனும் என்ன நேரா பாக்கல. எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குது. கை தட்டுனதும் தெரிஞ்சிதான்.

"தங்கச்சிதான் கேட்டுச்சி"ன்னு கடைசியா சொன்னான்.

ஊட்டுக்கு வந்தேன். பொண்டாட்டி வெங்காயம் அரிஞ்சிக்கினு இருந்தா. "நீ கேட்டியா?"

"கேட்டேன்."

"மேடம் இன்னா சொன்னாங்க உங்கிட்ட?"

"உனக்கு கை குடுக்க கூடாதுன்னாங்க. நான் மிஷினுக்குதான குடுத்தேன்."

வேற நாளா இருந்தா நான் சிரிச்சிருப்பேன். ஜோக்கு அடிக்க எங்கிட்டதான் கத்துக்கினா. என் மூஞ்சிய பாத்துட்டு கத்திய கீழ வெச்சா. "தோத்துட்டு நீ வந்தா, அந்த மூஞ்சிய தெனமும் நான்தான பாக்கணும். என்னால முடியலய்யா."

"என் கை போயிருந்தா?"

நான் அன்னிக்கு சாப்புடல. அவளும்தான்.

மறுநாள் சூப்பர்வைசர இட்டாந்து, எல்லாரும் பாக்க ரப்பர புடுங்கி போட்டேன். மோட்டார ஆப்ல வெச்சா ஆபத்து இல்ல. ரெண்டு பட்டனும் சரியா அமுங்குனா போர்டுல ஒரு பச்ச லைட்டு மட்டும் எரியும். அமுக்குனேன். எரியல. "இன்னொரு தபா பாரேன்"னாரு. பாத்தேன். வேர்வைதான் வந்துச்சி. மாவு வேற, பட்டன் வேற.

"பேக்கிங் டேபிள்ல போடு சார்"னேன். அதுக்கு எவனும் எனக்கு ஒத்தாசை பண்ணல, நானே சொன்னேன்.

ஹால்லயும் சொன்னேன். டிரெயின்ல தனியாதான் போனேன், கூட யாரையும் இட்டுக்கினு போவல. நைனா கேட்டாரு, "அப்ப அன்னிக்கு பொய்யா சொன்ன?"

"எனக்கே பொய்னு தெரியாது நைனா."

"நான் ஏறுனது நெசந்தான?"

"அது நெசம்."

"அப்ப சரி, உன்னுத நீ பாரு"ன்னுட்டு மேடம் பக்கம் திரும்பிக்கினாரு. மேடம் மட்டும், ஆவலன்னு சொன்னதுக்கு, ஆச்சுன்னு சொன்னப்போ எழுதுனத விட ரொம்ப நேரம் நோட்டுல எழுதுனாங்க. அடுத்த வாரத்துக்கு இன்னா வேலைன்னு கேட்டாங்க. அதே பட்டன்தான்னேன், மோட்டார் ஆப்ல.

இப்போ என் மிஷின கூட்டாளிதான் ஓட்றான். சோத்து டைம்ல அவன் மோட்டார மட்டும் ஆப் பண்ணிட்டு டப்பாவ தொறப்பான், நான் போயி நிப்பேன். உள்ளங்கைய பாத்துக்கினே அமுக்குவேன். பல நாள் லைட்டு எரியாது. அவன் சோத்துல கைய வெச்சிக்கினு சும்மா பாத்துக்கினு இருப்பான். சும்மா இருக்க கத்துக்கினான். நானும் அவனும் முன்ன மாதிரி பேசறதில்ல. தேவைக்கு பேசறோம்.

போன வாரம் ஒரு நாள் எரிஞ்சிச்சி. நல்லா பச்சையா எரிஞ்சிச்சி. கைய எடுத்தேன், அணைஞ்சிச்சி. மறுபடி அமுக்குனேன், எரிஞ்சிச்சி. சந்தோஷப்பட வேணாமா நான்? குனிஞ்சி பட்டன சுத்தி வெரல வுட்டு தடவிக்கினு இருக்கேன்.

"ஒண்ணும் இல்ல மச்சான், சத்தியமா"ன்னான் கூட்டாளி அங்கேர்ந்து.

"தெரியும்"னேன். தடவறத நிறுத்தல.