கூரைக்கு வைத்த கண்ணாடிப் பஞ்சு

அறுபதுகளில் பம்பாய் சினிமா கொட்டகைகள் ஒவ்வொன்றாக ஏசி வைத்துக்கொண்டன. அந்த வேலையில் நான் மூன்று வருஷம் இருந்தேன். மிஷினிலிருந்து குளிர்காற்று போகிற சதுரத் தகரக் குழாய்க்கு டக்ட் என்று பெயர். அதன்மேல், கண்ணாடியை மெல்லிய இழையாக இழுத்துச் செய்த கண்ணாடிப் பஞ்சைச் சுற்றினால்தான் குளிர் வழியில் வீணாகாது, தகரம் வேர்த்து ஜனங்கள் தலையில் சொட்டாது. மிஷின் பக்கத்தில் குழாய்க்கு உள்ளேயும் பஞ்சு ஒட்டுவோம். இல்லாவிட்டால் மிஷின் இரைச்சல் காற்றோடு வந்துவிடும், படத்தில் பேசுவது கேட்காது. அந்தப் பஞ்சின்மேல் துணியை இழுத்து ஒட்ட வேண்டும். ஒரு இடத்தில் துணி கிழிந்திருந்தாலும் சூப்பர்வைசர் முழுவதையும் பிரிக்கச் சொல்வான். டிக்கெட் வாங்கினவன் கண்ணில் பஞ்சுத்தூள் விழக்கூடாது.

எங்கள் கண்ணில் விழலாம். கை, கழுத்தெல்லாம் தடித்து அரிக்கும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு செய்தோம்.

வீடு தாராவியில், ரயில் தண்டவாளத்தை ஒட்டி. ஒரே அறை, தகரக் கூரை. மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. கோடையில் பகல் முழுக்கத் தூங்காமல் அழுதாள்.

"ஊரான் படம் பாக்கக் குளிரக் குளிர வேல செய்யுதீங்க. பெத்த பிள்ள இங்க வெந்து சாவுது" என்றாள் என் மனைவி.

சூப்பர்வைசரிடம் மிச்சப் பஞ்சும் கொஞ்சம் துணியும் கேட்டேன். "கப்டா நஹி மிலேகா, மதராசி. கச்ரா உட்டா லே" என்றான். துணி கிடையாது, குப்பையை அள்ளிக்கொள் என்றான். இரண்டு சாக்கு அள்ளினேன்.

கூரைக்கு அடியில் பஞ்சைப் பரப்பி, விழாமல் கோழிவலை அடித்தேன்.

"தூசி விழும்லா? என் பழைய சேல ஒண்ண அடியில கட்டட்டுமா?" என்றாள்.

"இருக்கதே மூணு சேல. கூரைக்குக் கட்டிட்டா நீ எதக் கட்டுவ?"

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். எனக்கு வேலை முடிந்தால் போதும்.

மறுநாள் பிள்ளை நடுப்பகலில் தூங்கினாள். அடுத்த வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "மதினி, ஒங்க கொட்டகைக்கு டிக்கெட் எவ்வளவு?" என்றாளாம். அதை என் மனைவி இரண்டு தடவை சொன்னாள்.

ஒரு வாரம் போயிருக்கும். வேலையிலிருந்து வந்தால் வாசலில் வேப்பிலை. பக்கத்து மாட்டுங்காவில் இருக்கிற மரத்திலிருந்து யாரோ ஒடித்து வந்திருக்கிறார்கள். பிள்ளைக்கு அம்மை என்றார்கள். குளிப்பாட்டக்கூடாது, மருந்து கூடாது, வெளியே தூக்கக்கூடாது. கூரைக்கு நேர் கீழே வேப்பிலையில் கிடத்தியிருந்தார்கள்.

முகத்திலும் கழுத்திலும் கையிலும் சிவப்பு. சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். வயிற்றில் ஒன்றுமில்லை. அம்மை சட்டை போட்ட இடத்தை விட்டுவிட்டா வரும்? என் கையில் இருந்ததும் அதே தடிப்புதான். ரயில் போனது, கூரை அதிர்ந்தது. கதவு வெளிச்சத்தில் தூள் இறங்குவதைப் பார்த்தேன்.

"இது அம்மையாத் தெரியல" என்றேன்.

"வாய மூடும். அம்மன் கேட்டுக்கிட்டு இருக்கா" என்றாள் அடுத்த வீட்டுக்காரி.

மூடிக்கொண்டேன். அம்மனுக்குப் பயந்து என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். கூரை என்று சொன்னால் அது நான் செய்த கூரை. நாலு பேர் முன்னால் அதை ஒத்துக்கொள்ள எனக்குத் துப்பில்லை. இரண்டு நாளில் தானாக அடங்கும் என்று நினைத்தேன். வேலை செய்கிற எங்களுக்கு அடங்கும். நாங்கள் போய்க் குளித்துவிடுவோம்.

பிள்ளை ஒன்பது நாள் கிடந்தாள். இடது கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றியபோது அந்தக் கண்ணில் வெள்ளை விழுந்திருந்தது. உயிரை விட்டுக் கண்ணை எடுத்தாளே மகராசி என்று பெண்கள் அம்மனைக் கும்பிட்டார்கள். என் மனைவியும் கும்பிட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு தமிழர். லைட் அடித்துப் பார்த்துவிட்டு, "கண்ணுக்குள்ள என்ன விழுந்தது? உடனே தண்ணி விட்டுக் கழுவியிருக்கலாமே" என்றார்.

"அம்மை போட்டிருந்தது, டாக்டர்" என்றாள் மனைவி.

"அம்மையா? ஒரு தழும்புகூட இல்லையேம்மா. இனி இந்தக் கண்ணுல பார்வை வராது."

வெளியே வந்தோம். பிள்ளை என் தோளில் இருந்தாள். மனைவி என் கையையே பார்த்தாள். முழங்கை வரை தடிப்பு.

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"மொத நாள்லேர்ந்து."

அவள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். பிள்ளையை என் தோளிலிருந்து வாங்கி, முந்தானையால் அதன் முகத்தை மூடிக்கொண்டு, முன்னால் நடந்தாள்.