அப்பா பெயரில் வந்துகொண்டிருந்த தவணை

காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு, நான் ஏழாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது அந்தப் போன் வந்தது. வேளாண்மை அலுவலர்.

"சார், உங்கப்பா பேருல வர்ற உழவர் உதவித்தொகைக்கு முகத்தப் பதிவு பண்ணணுங்க. பெரியவர நல்லம்பள்ளி ஆபீசுக்குக் கூட்டிட்டு வாங்க."

"அப்பாவால நடக்க முடியலைங்க" என்றேன்.

அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

"அதனால என்னங்க, சாயங்காலம் நானே வூட்டுக்கு வந்து போட்டோ எடுத்துக்கறேன்."

அம்மா இருக்கும்வரை நிலத்தைப் பிரிப்பதில்லை என்பது எங்கள் குடும்ப வழக்கம். பட்டா அப்பா பெயரிலேயே இருந்தது. இறப்புச் சான்றிதழை வாங்கிப் பெட்டியில் பூட்டிவைத்தோம். அதை வெளியே எடுத்தால் பாகப்பிரிவினைப் பேச்சு தொடங்கிவிடும். வங்கியிலும் சொல்லவில்லை. தவணை அதுபாட்டுக்கு வந்தது. மரவள்ளிக்கு உரமாகப் போனது.

பள்ளியை விட்டு வர முடியாததால் அப்பாவின் ஏடிஎம் கார்டை மகளிடம் கொடுத்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் அவள்தான் பணம் எடுத்தாள். "தாத்தா பாக்கெட் மணி அனுப்பிட்டாருப்பா" என்று சிரிப்பாள். அவளுக்கு இப்போது அரசு வேலை கிடைத்திருந்தது. போலீஸ் விசாரணை மட்டும் பாக்கி. ஏடிஎம் கேமராவில் பதிந்திருப்பது அவள் முகம். அது நினைவுக்கு வந்ததும் சாக்பீஸைக் கீழே வைத்தேன். விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

கூடத்தில் மாலை போட்ட அப்பாவின் படம். நாற்காலி மேல் ஏறி அதைக் கழற்றினேன். அம்மா பார்த்துவிட்டாள். சாயங்காலம் அலுவலர் போட்டோ எடுக்க வருவதைச் சொன்னேன்.

"படத்தக் கழட்டிட்டு யார உங்கப்பா கட்டில்ல படுக்க வெக்கப் போற? நீயே போர்த்திப் படுத்துக்கறியா?"

படத்தை மறுபடி மாட்டினேன். ஆணி துளையில் நிற்கவில்லை. மறுபடி அடித்து இறக்கினேன்.

மதியம் அலுவலகத்துக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். அப்பா இறந்துவிட்டார், பணத்தை எடுத்தது நான் ஒருவன்தான், திருப்பிக் கட்டிவிடுகிறேன் என்று.

அலுவலர் என்னைவிட இளையவர். இரண்டு முறை படித்தார்.

"காலைலயே சொல்லியிருக்கலாமுல்லீங்க சார்? வாத்தியார் வேற. கட்டிட்டா முடிஞ்சுதான்னு எனக்குத் தெரியாதுங்க, மேல அனுப்பணும். கார்ட வேற யாராச்சும் தொட்டாங்களா?"

"இல்லைங்க."

வெளியே வந்து சேலம் விடுதியிலிருந்த மகளுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "யார் கேட்டாலும் ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிடு" என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள். பிறகு எத்தனை தடவை அடித்தும் எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். தெருவில் வண்டிச் சத்தம் கேட்டபோதெல்லாம் எழுந்தேன். இன்றும் அந்தப் பழக்கம் போகவில்லை.

ஆறரை மணி பஸ்ஸில் வந்து இறங்கியவள் மகள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"வேளாண்மை ஆபீஸ் போயிட்டுத்தான் வர்றேம்ப்பா. கார்டு எங்கிட்ட இருந்துச்சு, நாந்தான் எடுத்தேன்னு எழுதிக் குடுத்துட்டேன். அப்பறம்தான் அவரு நீ எழுதுனத எடுத்துக் காட்டுனாரு. ரெண்டையும் சேத்து பின் அடிச்சு வெச்சிருக்காரு."