ஓணக்கோடிக்கு ஒரு ரசீது

போன செவ்வாய்க்கிழமை கோமதி வந்து, என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நான்கு ஃப்ராக்குகளை விரித்துப் போட்டாள். ரோஸ், மஞ்சள், பச்சை, மறுபடி ரோஸ். ஒன்று துவைத்து நிறம் மங்கியது, மற்ற மூன்றும் புத்தம் புதுசு. நான்கும் ஒரே அளவு!

கோமதிக்கு மட்டாஞ்சேரியில் தையல் கடை. கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். நான்கு வருடங்களுக்கு முன்பு, அம்மாவை இழந்த ஓர் ஆறு வயதுப் பெண் குழந்தையை, குழந்தைகள் நலக் குழு இவர்களிடம் வளர்க்கக் கொடுத்தது. தத்து அல்ல... வளர்ப்பு மட்டும். அப்பா இருக்கிறார். பஜாரில் சுக்கு, மிளகு மொத்த வியாபாரம். சுந்தரம் என்று வைத்துக்கொள்வோம். (பெயர்களைத்தான் மாற்றியிருக்கிறேன், குணங்களை அல்ல.) மறுகல்யாணம் ஆயிற்று. புது வீட்டில் பழைய குழந்தைக்கு இடமில்லாமல் போயிற்று.

"ஓணக்கோடி மட்டும் வருஷம் தவறாது சாரே" என்றாள் கோமதி. ஓணத்துக்குப் பெரியவர்கள் பிள்ளைகளுக்கு எடுத்துத் தரும் புதுத்துணி அது. "குட்டிக்கு இப்ப பத்து வயசு. அவளப்பன் மனசுல இன்னும் ஆறு!"

பிறகு பையிலிருந்து நான்கு ஜெராக்ஸ் தாள்களை எடுத்தாள். ஆங்கிலத்தில் டைப் செய்தவை. கீழே அவள் கையெழுத்து.

"துணி கொண்டுவர்ற அவர் கடைக் கணக்கர் ஒவ்வொரு தடவையும் ஒரு ஒப்பு வாங்குவார். கொரியர்காரன் வாங்குற மாதிரின்னு நெனச்சுப் போட்டுக் கொடுத்தேன். இப்ப குட்டிக்கு ரெண்டு காதும் சரியாக் கேக்கல. மெஷின் வைக்கணும்னு டாக்டர் சொல்லியாச்சு. எங்க ரெண்டு பேர் வரும்படியில அது நடக்குமா? அப்பன் தரணும்னு குழுவுல எழுதிக் கொடுத்தேன். அவர் வந்து இந்தக் கடலாசுத் தாளைத்தான் நீட்டினார். இதுல என்ன இருக்குன்னு ஒண்ணு வாசிச்சுத் தரணும் சாரே."

என்னிடம் ஏன்? எங்கள் பஜாரில் ஆங்கிலத்தில் எது வந்தாலும் என்னிடம்தான் வரும். ஆபீஸில் முப்பது வருடம் டிராஃப்ட் எழுதிய கை. ரிட்டயரான பிறகும் அந்தப் பெயர் போகவில்லை.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தேன். உணவு, உடை, கல்வி, மருத்துவம் உள்பட இந்த ஆண்டுக்கான பராமரிப்பு முழுவதையும் குழந்தையின் தந்தையிடமிருந்து பெற்றுக்கொண்டேன், மேற்கொண்டு கோருவதற்கு எதுவுமில்லை... என்று இருந்தது.

வாக்கியம் எனக்குப் பழக்கமானது. எழுதியவன் நான்.

நான்கு வருடத்துக்கு முன் சுந்தரம் என்னிடம் வந்தார். "வருஷத்துக்கு ஒருக்கா கொஞ்சம் சாமான் சாதனம் கொடுத்துவிடுவேன் சார். பின்னால தொந்தரவு வராத மாதிரி ஒரு ரசீது வாசகம் எழுதித் தாங்க" என்றார். "என்ன கொடுப்பீர்கள்?" என்று கேட்டேன். "ஓணக்கோடி" என்றார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் பொய். ஓட்டையில்லாத வாக்கியமாக அமைய வேண்டும் என்று மூன்று முறை அடித்துத் திருத்தினேன். கூலி, ஒரு சாயாவும் இரண்டு பழம்பொரியும். அத்தனை முறை எழுதியும் அந்தக் குழந்தையின் பெயர் என்னவென்று ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை.

கோமதிக்கு முழுவதையும் தமிழில் சொன்னேன். யார் எழுதியது என்பதையும் சொன்னேன்.

அவள் திட்டவில்லை. ஃப்ராக்குகளை ஒவ்வொன்றாக மடித்தாள். கடைசி ஃப்ராக்கை மடித்துவிட்டுக் கேட்டாள்... "நல்ல இங்கிலீஷா சாரே?"

அன்று சாயங்காலமே சுந்தரத்தின் கடைக்குப் போனேன். வாசலில் ஃபிளெக்ஸ். கோயில் அன்னதானம், உபயம் அவர் பெயரில். ஊர் முழுக்கச் சோறு போடுகிறவர்!

"வாங்க சார், சாயா சொல்லட்டுமா?"

"வேண்டாம். உங்கள் மகளுக்கு என்ன வயது?"

"எந்த... ஓ, அவளா? ஏழு... எட்டு இருக்குமில்ல?"

"பத்து."

"சரி, பத்து. அதுக்கென்ன இப்ப? வளர்க்குறது அவங்க. கவர்மென்ட் வேற அவங்களுக்குக் கொடுக்குது. பின்னே நான் எதுக்கு? ரசீது இருக்கு. எழுதினது ஆரு? சார்தானே!"

எனக்கு வந்த கோபத்தில் பாதி அவர் மேல். பாதி யார் மேல் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒன்று கேட்கிறேன். பிள்ளை வேறு வீட்டில் சாப்பிட்டால் அப்பாவுக்குப் பொறுப்பு தீர்ந்துவிடுமா? வளர்ப்பு வீடு என்பது குழந்தைக்குக் கிடைத்த கூரை. பெற்றவனுக்குக் கிடைத்த விடுதலைப் பத்திரம் அல்ல! பராமரிக்க வேண்டிய கடமை பெற்றவனுடையதுதான் என்கிறது சட்டம். அரசு தருவது வளர்க்கிற கைகளுக்கு ஒரு தாங்கல், அப்பனுக்குத் தள்ளுபடி அல்ல. இதெல்லாம் சுந்தரத்துக்குத் தெரியாதா? தெரிந்ததால்தானே ரசீது கேட்டு வந்தார்! கடமை இல்லாதவன் எதற்கு ரசீது வாங்குகிறான்? உலகத்தில் எந்த அப்பா, தன் மகளுக்கு ஃப்ராக் கொடுத்துவிட்டு "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்து வாங்குகிறான்?

இதைக் கடையில் வைத்தே கேட்டேன். கணக்கர் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுந்தரம், "சாருக்கு வயசாயிடுச்சு" என்றார். உண்மைதான். இந்த வயதில்தான் புத்தி வந்திருக்கிறது.

மறுநாள் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். ரசீது வாசகம் என்னுடையது, கொடுக்கப்போவது ஓணக்கோடி மட்டும் என்பது எனக்கு அன்றே தெரியும், கையெழுத்துப் போட்டவருக்கு ஆங்கிலம் தெரியாது... எல்லாவற்றையும் எழுதி என் கையெழுத்தைப் போட்டேன். அந்த ரசீதுகளுக்குக் கோமதி குழுவில் தர வேண்டிய பதிலையும் எழுதிக் கொடுத்தேன். அவள் பள்ளியில் படித்தது மலையாளம். அதனால் மலையாளத்திலேயே எழுதினேன். பிழைகள் இருந்தன. அவளே திருத்தினாள்.

முதல் வரியில் குழந்தையின் பெயரையும் வயதையும் எழுதியிருந்தேன். கோமதி அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு இரண்டு முறை வாசித்தாள். நான் பேனாவை நீட்டினேன்.

"நில்லுங்க சாரே, முழுசா வாசிச்சுக்கிறேன்" என்றாள்.

வாசித்த பிறகுதான் ஒப்பு போட்டாள். வருகிற வெள்ளிக்கிழமை விசாரணை. அவள் தரப்பில் ஒரே ஒரு சாட்சி... என்னுடைய நல்ல இங்கிலீஷுக்கு எதிராக, நான்.